பாதத்தில் படுத்த கனம்

சென்னியப்பன் நாயைக் கணவாய்ப் பைரவர் கோயிலில் விட்டுவிட்டு, வழியில் ஒரு டீ குடித்து, காரை நிதானமாக ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்வதற்குள், நாயின் கனம் அவருக்கு முன்பாகவே வந்து, அவர் மனைவி கோகிலவாணியின் வலது பாதத்தின் மேல் தலைவைத்துப் படுத்துவிட்டிருந்தது. அவள் அப்போது முன்னறையில் தையல் மெஷினில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். மோட்டார் மிதியின் மேலிருந்த பாதம் தானாக அமுங்க, ஊசி நிற்காமல் ஓடி, கைத்துணியைத் தாண்டி முதுகுத்துணியில் ஏறி, நூல் தீரும்வரை தைத்துக்கொண்டே போனது. சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. வழக்கமாக நாய் தலைவைக்கும் இடம் மட்டும் வெளுத்து, மரத்துப்போயிருந்தது.

"வந்துருச்சுங்க," என்றாள், கணவர் உள்ளே நுழைந்ததும்.

"அதுக்குள்ளயா?" என்றார் அவர், செருப்பைக் கழற்றியபடி. குரலில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அந்தக் காலனியில் அது யாருக்கும் ஆச்சரியமாக இருந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

மேற்கு மலையடிவாரத்தில் விசைத்தறி ஓடும் ஊர் ஒன்றின் ஓரத்தில், பைபாஸ் வந்த பிறகு முளைத்த காலனி அது. அங்கே வீடு கட்டியவர்கள் எல்லோரும் கிரகப்பிரவேசத்துக்குப் பிறகு செய்த முதல் காரியம் ஒரு குட்டி வாங்கியதுதான். வாசலில் டைல்ஸ், மாடியில் தண்ணித்தொட்டி, கேட்டில் நாய்ப்படம் போட்ட தகரப் பலகை, அதற்கு உள்ளே ஒரு நாய் என்று வீடு அப்போதுதான் முழுசானது. குட்டி குட்டியாக இருந்தவரைக்கும் அதைப் படமெடுத்து அனுப்பாதவர்கள் இல்லை. பிறகு குட்டி பெரிதானது, முடி கொட்டியது, சோபாவைக் கடித்தது, சொறி வந்தது, வயசானது, அல்லது ஒன்றும் ஆகாமலேயே வீட்டுக்காரர்களுக்கு அலுத்துப்போனது. கோழியையும் கிடாயையும் சாமிக்கு நேர்ந்து விடுகிற ஊர்தான் அது. நாயையும் அப்படி விடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியாது, ஆனால் தோன்றியதும் எல்லோருக்கும் அது ரொம்ப நாளாகத் தெரிந்த விஷயம்போல இருந்தது. பைரவருக்கு நாய்தானே வாகனம்? மலைக்கு மேலே, காற்று சுழித்துக்கொண்டு வரும் கணவாயில், ரோட்டு வளைவை ஒட்டி அவர் கோயில் இருந்தது. காரில் ஏற்றிக்கொண்டு போய், நெற்றியில் குங்குமம் வைத்து, பிஸ்கட்டை உடைத்துப் போட்டு, அது தின்றுகொண்டிருக்கும்போதே வந்துவிட வேண்டியது. யாரும் 'நாயை விரட்டிவிட்டோம்' என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. "சாமிக்கு விட்டாச்சுங்க," என்றார்கள். சாமிக்கு விட்டதைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதும் கூடவே சேர்ந்துகொண்டது. ஆகவே விட்டவர்கள் யாரும் அந்தக் கோயில் பக்கம் மறுபடி போகவில்லை.

கனம் முதலில் வந்தது தமயந்தி டீச்சருக்கு. ரிட்டயர் ஆன பிறகு ஆசையாக வளர்த்த ரோஸி என்ற வெள்ளைப் பொமரேனியனை, மகள் பிரசவத்துக்கு வருகிறாள் என்று விட்டுவிட்டு வந்த அன்று, டிவிக்கு முன்னால் உட்கார்ந்தவரின் மடியில் ரோஸி அளவுக்கு ஒரு பாரம் ஏறிச் சுருண்டது. டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார். அடுத்து ஜிம் வைத்திருக்கும் அருள்செல்வனுக்கு. அவனுடைய ராட்வைலர் நாய் தோளில் கால்போட்டுக் கொஞ்சும் பழக்கமுள்ளது, ஆகவே அவன் ஒரு பக்கம் சாய்ந்தபடி நடக்கத் தொடங்கினான், கண்ணாடிக்கு முன் நின்று மற்றத் தோளுக்கு மட்டும் கூடுதலாக எடை தூக்கிச் சரிக்கட்டப் பார்த்தான். பிறகு வீட்டுக்கு வீடு வந்தது. வந்த பிறகு மனிதர்கள் அதோடு இருக்கப் பழகினார்கள். ஆட்டோக்காரர்கள் காலனி ஆட்களைப் பார்த்ததும், "உங்களுதும் ஏறுதுங்களா?" என்று கேட்டுவிட்டு மூன்றாம் ஆளை மறுத்தார்கள். ஸ்கூட்டரில் பின்சீட் காலியாகவே அமுங்கிப் போயிற்று. கோகிலவாணி ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது, கேட்காமலேயே ஒரு தோளை அரை விரல் இறக்கி வெட்டினாள். விருந்தாளிகளை நாற்காலியில் உட்கார வைக்குமுன் வீட்டுக்காரர்கள், "அங்க வேண்டாமுங்க, அதுல படுத்திருக்கும்," என்று வேறு நாற்காலி நகர்த்தினார்கள்.

கனம் நாள்பட நாள்படக் குறையும், ஒருநாள் இல்லாமலே போகும். அதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்திருந்தார்கள். காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோல, "எறங்குதுங்களா?" என்று காம்பவுண்டுச் சுவர்களுக்கு மேலே விசாரித்துக்கொண்டார்கள். தேய்பிறை அஷ்டமி அன்று மட்டும் கொஞ்சம் ஏறும். அது பைரவருக்கு உகந்த நாள், சாமி அழுத்துகிறார் என்று அந்த நாளில் யாரும் மாடிப்படி ஏறவில்லை. முழுக்க இறங்கிய வீட்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்து, பிள்ளையாருக்குக் காட்டி, தெரு முழுக்கத் தூக்குப்போசியில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். டீச்சர் வீட்டுப் பொங்கலில் முந்திரி தாராளமாக இருந்தது என்று எல்லோரும் ரொம்ப நாள் பேசினார்கள்.

சென்னியப்பன் வீட்டு நாயின் பெயர் மைசூரு. நெய் வழியும் மைசூர்பாகின் நிறத்தில் இருந்ததால், மகன் பிரகதீஷ் காலேஜில் படிக்கும்போது வாங்கிவந்து வைத்த பெயர். பிரகதீஷ் பெங்களூருக்கு வேலைக்குப் போனான். நாய் இங்கேயே கிழடானது. காலையில் சோறு போடுவது சென்னியப்பன், பகலெல்லாம் அது படுத்திருப்பது கோகிலவாணியின் பாதத்தில். பிரகதீஷுக்குப் பெண் அமைந்தது. நாய்முடி பட்டாலே பெண்ணுக்கு மூச்சு இரைக்கும் என்றார்கள். ஆடி பிறப்பதற்குள் வீடு பார்க்க வருகிறோம் என்று பெண் வீட்டார் சொன்னதும், சென்னியப்பன் இரண்டு ராத்திரி புரண்டு படுத்துவிட்டு, குங்குமமும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு காரைக் கிளப்பினார். கோகிலவாணி வாசலுக்கு வரவில்லை. தைக்க நிறைய இருந்தது, அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

கனம் வந்த முதல் வாரம் அவள் மெஷின் மிதியை இடது காலுக்கு மாற்றிக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. நாய் போனாலும் நாய் படுத்திருக்கிறது, அவ்வளவுதானே என்று இருந்தது. மதியத்தில் சென்னியப்பன் தன் கடையிலிருந்து சாப்பிட வரும்போது அவள் காலடியைப் பார்ப்பார். ஒருநாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் பாதத்தை அவள் பாதத்தோடு ஒட்டி வைத்து உட்கார்ந்தார்.

"என்னுங்க பண்றீங்க?"

"இல்ல, மாறி வந்து படுக்குதான்னு பாத்தேன்."

"வருதா?"

"ம்ஹூம்." பாதத்தை இழுத்துக்கொண்டு சொன்னார்: "சோறு போட்டது பூராம் நானு. உங்கிட்டத்தான் வந்து படுத்திருக்குது பாரு, நன்றி கெட்ட நாயி." சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "எவ்வளவு இருக்குது இப்ப?"

"கொறஞ்சிருச்சுங்க. ஈரத்துண்டு அளவுக்கு."

"எறங்கட்டும், எறங்கட்டும்," என்று எழுந்துபோய்க் கை கழுவினார்.

அந்தச் சமயத்தில்தான் குருவம்மா வந்தாள். கணவாய்க் கோயில் வாசலில் பூசணிக்காய் விளக்கும் எண்ணெயும் விற்கிறவள். ஆனிக் காற்றில் கலைந்த தலையோடு, கோணிப்பை ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு கேட்டில் நின்றாள்.

"அம்மிணி, வெட்டுத்துணி இருந்தாக் குடுங்க. கோணி நெறையக் குடுத்தாலும் வாங்கிக்கறனுங்."

"தலகாணிக்குங்களா?"

"இல்லீங். நாய்ங்களுக்குக் கல்லு கட்டறதுக்கு."

கோகிலவாணி மெஷினை நிறுத்தினாள். "நாய்க்கு எதுக்குங் கல்லு?"

"கட்டாட்டிக் காத்து கொண்டுபோயிருமுங்களே. கார்ல கொண்டாந்து விட்டுட்டுப் போறாங்கல்ல, அதுங்களுக்கு. கார் வளைவு தாண்டற வரைக்கும் தொரத்திட்டு ஓடுதுங்க, அதுக்கப்பறம் பாத்தா மண்ணுல காலு பாவ மாட்டீங்குது. கனமே இருக்கறதில்லீங். ஊர் நாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது, கார்ல வாரதுக்குத்தான் இந்தச் சீக்கு. காத்தடிச்சா வேலிமேல போய் மாட்டிக்குதுங்க, துணி காயப்போட்டாப்பல. நான் வெளக்கு விக்கறதுங்களா, நாய் பொறுக்கறதுங்களா, நீங்களே சொல்லுங்க."

"சோறு?"

"அஷ்டமிக்குத்தானுங்க. அன்னைக்குக் கூட்டம் வரும், தயிர்சோறும் வடையும் வயிறு தரையில இடிக்கத் திங்குங்க. மத்த நாளு பூசணித் தோலை நக்கிட்டுக் கெடக்குங்க, எண்ணெ ஊறியிருக்கில்ல? என்ற சோத்துல நானும் ரெண்டு உருண்டை போடறேன். எத்தனைக்குப் போடறது? கொஞ்சம் கொஞ்சமா வத்தி, போயிருதுங்க."

"எங்க போயிருது?"

குருவம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். "எங்கீங் போகும்? செத்துப் போயிருதுங்க."

கோகிலவாணி தன் பாதத்தைப் பார்த்தாள். அஷ்டமியன்று ஏறியதையும், பிறகு நாளுக்கு நாள் குறைந்ததையும், காலனியில் ஒவ்வொரு வீட்டிலும் ஏறிக் குறைந்து இல்லாமல் போனதையும் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, நெய் நிறத்தில் ஒரு கிழட்டு நாய், காதில் புண்ணோடு, அங்கே இருக்கிறதா என்று கேட்டாள்.

"ரோட்டோரத்துல நிக்குமே, அதுங்களா? உள்ளயே வர மாட்டீங்குதுங்க. சோறு வெச்சாப் பாதி தின்னுட்டு ரோட்டைப் பாக்க ஓடிருது. உங்களுதுங்களா?"

கோகிலவாணி வீட்டிலிருந்த வெட்டுத்துணி அத்தனையையும் கோணியில் திணித்துக் கொடுத்துவிட்டு, நேராகத் தமயந்தி டீச்சர் வீட்டுக்குப் போனாள்.

டீச்சர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். கை மடியில் இருந்தது. ரோஸியின் கனம் போய் ரொம்ப நாளாகியும், உட்கார்ந்தால் கையை அங்கே வட்டமாக வைத்துக்கொள்வது அவருக்குப் பழக்கமாகியிருந்தது.

"அப்ப, எறங்குச்சுன்னு நாம சொன்னது…"

"பட்டினிங்க டீச்சர்."

"முழுசா எறங்குன அன்னைக்கு?"

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

"முந்திரி நெறையாப் போட்டேன் வாணி," என்றார் கடைசியில். "திராட்சை, பச்சைக் கற்பூரம், எல்லாம். நீகூட ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்னே."

"தின்னேனுங்க டீச்சர்."

"இதை வெளிய சொல்லாத சாமி. இருக்கறவங்க இருந்துட்டுப் போகட்டும்."

ஆனால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்தும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. காம்பவுண்டுச் சுவர்களுக்கு மேலே விசாரிப்பு நின்றது. அருள்செல்வன் மட்டும் வந்தான். அநேகமாக நேராகிவிட்ட தோளைத் தடவிக்கொண்டே நின்றான்.

"மேல போய்த் தெனமும் சோறு போடறதுக்கு ஆள் வெக்கலாங்களாக்கா? காசு நான் தர்றேன்."

"வெக்கலாம் தம்பி."

அவன் யோசித்தான். "சோறு போட்டா, கனம் கூடுமில்லீங்க்கா?"

"கூடும்."

"இப்பத்தான் பெஞ்ச் பிரஸ் ஒழுங்கா வருது," என்று சொல்லிவிட்டு, சொன்னதைக் கேட்டு அவனே பயந்தவன்போலப் போய்விட்டான்.

நாயைத் திரும்பக் கூட்டிவரலாம் என்று அவள் ராத்திரி சொன்னபோது, "ஞாயித்துக்கெழமை பொண்ணு வீட்டுக்காரங்க வந்துட்டுப் போகட்டும்," என்றார் சென்னியப்பன். "அப்பறம் பாக்கலாம்."

"அதுவரைக்கும் தாங்காதுங்க. ஒரு கைக்குட்டை கனந்தான் இருக்குது."

"சாமிக்கு விட்டதைத் திரும்பிப் பாக்கக் கூடாது வாணி."

"சாமி கேட்டுதுங்களா?"

அவர் டைல்ஸில் ஒட்டியிருந்த கடைசி நாய்முடிகளை ஈரத்துணியால் எடுக்கத் தொடங்கினார். மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து, குப்பையில் போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாதத்தில் இருந்தது ஒரு நூல்கண்டின் கனம். கோகிலவாணி கேசரி கிண்டி மூடிவைத்தாள், பஜ்ஜிக்கு வாழைக்காய் சீவித் தண்ணீரில் போட்டாள், புதுப் புடவையும் கட்டிக்கொண்டாள். பிறகு தூக்குப்போசியில் தயிர்சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு, "அவங்க மத்தியானந்தான வருவாங்க, அதுக்குள்ள கூட்டிட்டு வந்துருவனுங்க, பின்கட்டுல கட்டிக்கலாம்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சென்னியப்பன் தடுக்கவில்லை. கார் சாவியை எடுக்கவும் இல்லை.

கணவாயில் இறங்கியதும் காற்று புடவையைப் பிடித்து இழுத்தது. கோயில் மதிலை ஒட்டி, காற்று மறைவில், நாய்கள் வரிசையாகக் கிடந்தன. லாப்ரடார், பக், பொமரேனியன், பெயர் தெரியாத சடைநாய்கள், எல்லாவற்றின் கழுத்திலும் வண்ண வண்ண ஜாக்கெட் துணியில் ஒரு கல் முடிச்சு. மைசூரு அவற்றோடு இல்லை. அவன் தனியாக ரோட்டோரத்தில், கார் நின்ற அதே இடத்தில், கீழ்ப்பக்கம் பார்த்து நின்றிருந்தான். விலா எலும்புகள் தெரிந்தன. அவள் கூப்பிட்டதும் திரும்பி, வாலை ஆட்டி, கல் மண்ணில் இழுபட வந்து, அவள் வலது பாதத்தின் மேல் தலையை வைத்தான். வைத்ததே தெரியவில்லை. முடி தெரிந்தது, மூச்சின் சூடு தெரிந்தது, கனம் மட்டும் இல்லை. அவள் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து, சோற்றை உருட்டி ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் பாதத்தின் மேல் கனம் ஏறியது. நூல்கண்டாக இருந்தது கைக்குட்டையாகி, கைக்குட்டை ஈரத்துண்டாகி வந்தது. அவள் அழவில்லை. இன்னொரு உருண்டை, இன்னொரு உருண்டை என்று போசியை வழித்தாள்.

பஸ் வந்தபோது கல்லை அவிழ்த்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"நாயெல்லாம் ஏத்த முடியாதுங்க்கா," என்றார் கண்டக்டர்.

"மடியில வெச்சுக்கறேன். கனமே இல்லீங்க, தூக்கிப் பாருங்க."

"கனமில்லாட்டியும் நாய் நாய்தானுங்க்கா," என்று விசில் கொடுத்தார்.

பஸ் கிளம்பிய காற்றில் மைசூரு அவள் கையிலிருந்து நழுவி, ஒரு காகிதம்போலப் புரண்டு புரண்டு, தன் இடத்துக்கே போய்ச் சேர்ந்து, மறுபடி கீழ்ரோட்டைப் பார்த்தான். குருவம்மா ஓடிவந்து கல்லைக் கட்டினாள். "இது உங்களுக்காக நிக்கலீங்," என்றாள். "கார் ஓட்டிட்டு வந்த ஆளுக்காக நிக்குது. வெள்ளைக் கார் வந்தா மட்டுந்தான் காதத் தூக்கும்."

கோகிலவாணி போன் செய்தாள். சென்னியப்பன் சமையல்கட்டிலிருந்து அடிக்குரலில் பேசினார்.

"எங்க இருக்கே? அவங்க வந்து உக்காந்திருக்காங்க. அம்மா எங்கன்னு கேக்கறாங்க."

"காரை எடுத்துட்டு வாங்க. பஸ்ஸுல ஏத்த மாட்டீங்கறாங்க. அவன் உங்களைத்தான் பாத்துட்டு நிக்கறான்."

சமையல்கட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"திங்கறானா?" என்றார்.

"திங்கறான்."

"காதுல புண்ணு?"

"ஆறியிருக்குது."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பிரகதீஷ் "அப்பா" என்று கூப்பிட்டான். சென்னியப்பனின் குரல் மாறியது. "அதை விட்டுட்டு வா வாணி. அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வா. பையன் வாழ்க்கை இது."

"விட்டுட்டு வரமாட்டனுங்க."

"அப்ப அங்கயே இரு."

அவர் அதைக் கோபத்தில்தான் சொன்னார், வேண்டுமென்று சொல்லவில்லை. நாய்களிடம் யாரும் கோபமாகக்கூடச் சொன்னதில்லை. தலையைத் தட்டிக்கொடுத்து, "இங்கயே இரு, வந்துர்றேன்," என்றுதான் ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அவள் மைசூருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பெண் வீட்டார் போனதும் கணவர் வந்துவிடுவார் என்று நினைத்தாள். லாரிகள் போயின, தேங்காய் ஏற்றிய வேன் போனது, கல்யாணக் கோஷ்டி ஒன்று பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. வெள்ளைக் கார் கீழ்வளைவில் தெரியும்போதெல்லாம் நாய் காதைத் தூக்கியது, அவளும் கழுத்தை நீட்டினாள். நம்பர் தெரிகிற தூரம் வந்ததும் இரண்டு பேரும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெயில் மஞ்சளாகி மலைக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது.

காலனியில் அந்நேரம், பெண் வீட்டார் நாள் குறிக்கலாம் என்று சொல்லி எழுந்ததும், சென்னியப்பன் அவர்களைக் கேட்வரை அனுப்பிவிட்டு வந்து சோபாவில் தனியாக உட்கார்ந்தார். கார் சாவி டீப்பாயின் மேல் இருந்தது. அதை எடுக்க அவர் குனிந்தபோது, அவருக்கு இடப்பக்கம், எப்போதும் கோகிலவாணி உட்காரும் இடத்தில், சோபா மெதுவாக அமுங்கியது. ஒரு பெண் உட்கார்ந்து முதுகைச் சாய்த்துக்கொள்கிற அளவுக்கு அமுங்கி, அப்படியே நின்றது. அவர் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

கணவாயில் காற்று வலுத்தது. ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தவளின் செருப்பு தரையை விட்டு இலேசாக எழும்பியதையும், அவள் அதைக் கவனிக்காமல் ஒரு கையால் நாயைப் பிடித்தபடி கீழ்வளைவையே பார்த்துக்கொண்டிருந்ததையும் குருவம்மா கண்டாள். விளக்குக் கூடையை மதிலோரம் வைத்தாள். ஒன்றும் கேட்காமல், சரிவில் இறங்கி, சற்றுப் பெரிய கல்லாகத் தேடத் தொடங்கினாள்.